பாதி விலை கூடையில கை விடுறதுக்கு முன்னாடி

சூப்பர் மார்க்கெட்ல டேட் முடியப்போற சாமானையெல்லாம் விலை குறைச்சு ஒரு ஓரமா கூடைல கொட்டி வச்சிருப்பாங்க இல்ல, அதுல பொறுக்கி எடுத்தே நான் மாசம் ஆயிரம், நல்ல மாசமா இருந்தா ஆயிரத்து ஐநூறு வரைக்கும் மிச்சம் பண்றேன்னு சொன்னா எங்க சொந்தத்துல பாதி பேர் நம்புறதில்ல, மீதி பேர் "அய்யய்யோ அதையெல்லாம் சாப்பிட்டா வயிறு என்னத்துக்கு ஆகும்"னு ஆரம்பிச்சிடுவாங்க. ரெண்டு கோஷ்டிக்கும் சேர்த்து தான் இதை எழுதுறேன். சென்னை மடிப்பாக்கத்துல வாடகை வீடு, நான், வீட்டுக்காரர், காலேஜ் போற பையன், ஒன்பதாவது படிக்கிற பொண்ணு, கூட எங்க அத்தை. அஞ்சு வாய் இருக்குறதால வாங்கினது எப்படியும் தீர்ந்துடும். தனியா ரூம் எடுத்து தங்கியிருக்கவங்களுக்கு இதுல பாதி செட் ஆகாது, அதை மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எல்லாரும் கவர்ல இருக்க டேட்டை மட்டும் தான் பார்க்குறாங்க. அந்த டேட்டு சும்மா வரல, அதுக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு கண்டிஷனோட வருது, 4 டிகிரிக்குக் கீழ வைக்கவும், ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைக்கவும்னு. நம்ம ஊர்ல கத்திரி வெயில் சமயத்துல குளிர்ந்த இடம் எங்க இருக்குன்னு எனக்கும் தெரிஞ்சா போய் உக்காந்துக்குவேன். கம்பெனிக்காரன் அந்த கண்டிஷனை நம்பித் தான் டேட் போட்டிருக்கான், அது லாரிலயும் கடைலயும் நம்ம கிச்சன்லயும் நடந்துச்சான்னு அவனுக்குத் தெரியாது. அதனால டேட் பாக்கி இருந்தும் கெட்டுப்போனது இருக்கு, டேட் நெருங்கியும் ஒண்ணும் ஆகாதது இருக்கு. எது எதுன்னு பிரிக்கத் தெரிஞ்சா மிச்சம், தெரியலன்னா பாதி விலைக்கு வாங்கி முழுசா குப்பைல போட வேண்டியது தான்.

இந்தக் கூடை எங்க இருக்கும்னா, தெருமுனை அண்ணாச்சி கடைல இருக்காது. ஏன்னா அவர்கிட்ட பிஸ்கட்டோ சிப்ஸோ டேட் தாண்டிடுச்சுன்னா பல கம்பெனில சேல்ஸ்மேனே வந்து திருப்பி எடுத்துட்டு வேற குடுத்துடுவார், இல்ல அடுத்த பில்லுல கழிச்சுடுவார், அப்புறம் அவர் எதுக்கு நமக்குக் குறைச்சுக் குடுக்கணும். பெரிய சூப்பர் மார்க்கெட்ல கதை வேற. மொத்தமா விலை பேசி அடிச்சுத் தூக்கின சரக்கு, அவங்களே சொந்தப் பேர்ல பாக்கெட் போட்டு விக்கிற ரவை பருப்பு, வெளிநாட்டுச் சீஸ், பாஸ்தா, சாஸ், இதெல்லாம் திரும்பிப் போறது கஷ்டம், வித்தா கால் காசு, விக்கலன்னா குப்பை. அதான் கூடைக்கு வருது. பத்து நிமிஷத்துல வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குற ஆப்ல இந்த வேட்டை பெருசா நடக்காது, 2024 நவம்பர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஆன்லைன்காரங்களைக் கூப்பிட்டு, கஸ்டமர் கைக்குப் போய்ச் சேரும்போது மொத்த ஆயுசுல 30 சதவீதமாவது இல்ல டேட் முடிய 45 நாளாவது பாக்கி இருக்கணும்னு சொல்லிட்டாங்க. ஸோ நேர்ல தான் போகணும்.

நேர்ல போனா நேரம் முக்கியம். வேளச்சேரி பக்கம் நான் போற கடைல பிரெட்டு, காளான், வெட்டி வச்ச காய் பாக்கெட்டு இதுக்கெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல தான் ஸ்டிக்கர் மாறும். மளிகை ஐட்டத்துக்கு மாசக்கடைசி, ஸ்டாக் எடுக்குறப்போ தான் உள்ள ஒளிஞ்சிருந்ததெல்லாம் வெளிய வரும். அங்க ரேக் அடுக்குற தம்பி ஒருத்தன், ஆரணிப் பக்கத்துப் பையன், ஒரு தடவை அவனுக்கு தீபாவளிக்கு ஊருக்குப் போற பஸ்ல டிக்கெட் கிடைக்கலன்னு என் பையன் போன்ல புக் பண்ணிக் குடுத்தான், அதுலருந்து என்னைப் பார்த்தா "அக்கா, வியாழக்கிழமை வாங்க, சீஸ்ல ஷார்ட் டேட் நிறைய இருக்கு, எடுத்து வெளிய வைக்கப் போறோம்"னு சொல்லிடுவான். டேட் முடியப்போற சரக்கை ஷார்ட் டேட்டுன்னு தான் அங்க எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் கூச்சப்படாம கேளுங்க, "தம்பி ஷார்ட் டேட் ஏதாவது வந்திருக்கா"ன்னு கேட்டா யாரும் கேவலமா பார்க்க மாட்டாங்க, அந்தச் சரக்கு போய்த் தொலைஞ்சா போதும்னு தான் அவங்களே இருக்காங்க.

கூடைல இல்லாம ரேக்லயே ஒளிஞ்சிருக்க ஷார்ட் டேட்டும் உண்டு. ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு ரெண்டையும் செலோடேப் போட்டு ஒட்டி வச்சிருந்தா முதல் வேலையா டேட்டைத் தேடுங்க. அந்த டேப் பல சமயம் கரெக்டா டேட்டு மேல ஓடியிருக்கும், வேணும்னே ஒட்டினாங்களா தெரியாம ஒட்டினாங்களான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

டேட்டு படிக்கிறதும் ஒரு வேலை தான். இப்போ இருக்க சட்டப்படி தயாரிச்ச இல்ல பேக் பண்ண தேதியும், எக்ஸ்பைரி இல்ல யூஸ் பை தேதியும் கட்டாயம் போடணும், பெஸ்ட் பிஃபோர் வேணும்னா கூட சேர்த்துப் போட்டுக்கலாம். பெஸ்ட் பிஃபோர்ங்கறது அதுவரைக்கும் டேஸ்டு, மொறுமொறுப்பு, வாசனை எல்லாம் கம்பெனி சொன்னபடி இருக்கும்னு அர்த்தம், எக்ஸ்பைரிங்கறது அதுக்கப்புறம் விக்கவும் கூடாது சாப்பிடவும் கூடாதுன்னு அர்த்தம். இதுல பேரம் கிடையாது, எக்ஸ்பைரி தாண்டினதை ஓசியா குடுத்தாலும் வாங்காதீங்க. இன்னொரு குழப்பம், பாக்கெட்ல யூஎஸ்பின்னு மூணு எழுத்து இருக்கும், எங்க பக்கத்து வீட்டு அக்கா ரொம்ப நாளா அதை யூஸ் பை டேட்டுன்னே நினைச்சுட்டு இருந்தாங்க, அது யூனிட் சேல் பிரைஸ், அதாவது ஒரு கிராமுக்கு இல்ல ஒரு மில்லிக்கு என்ன விலைங்கறது. அது நமக்கு ரொம்ப உதவி, ஏன்னா 30 பர்சென்ட் குறைச்ச இறக்குமதி ஓட்ஸைவிட ரேக்ல முழு விலைக்கு இருக்க நம்ம ஊர் ஓட்ஸ் கிராமுக்கு மலிவா இருக்கும், போன் கால்குலேட்டர்ல ரெண்டு தட்டு தட்டினா தெரிஞ்சிடும்.

ஸ்டிக்கர் விஷயத்துல சட்டம் தெளிவா இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது. எம்ஆர்பியைக் குறைச்சு ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனா கம்பெனி அச்சடிச்ச பழைய எம்ஆர்பியை மறைக்கிற மாதிரி ஒட்டக்கூடாது. பழைய விலை கண்ணுக்குத் தெரிஞ்சா தான் எவ்வளவு குறைச்சிருக்காங்கன்னே நமக்குத் தெரியும். விலையையே மறைக்கக் கூடாதுன்னா டேட்டை மறைக்கிறதைப் பத்திக் கேக்கவே வேணாம். பேர் வேணாம், எங்க ஏரியால ஒரு கடைல பன்னீர் பாக்கெட்ல மஞ்சள் ஸ்டிக்கரை அப்படியே டேட்டு மேல ஒட்டியிருந்தாங்க, நகத்தால மெதுவா உரிச்சுப் பார்த்தா டேட் முந்தாநாளே போயிடுச்சு. மேனேஜரைக் கூப்பிட்டேன், "மேடம் பசங்க தெரியாம ஒட்டிட்டாங்க"ன்னார். ஒரு பாக்கெட்டுன்னா தெரியாம, ஒரு தட்டு முழுக்க அப்படியே இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்து உள்ள வைக்க வச்சுட்டுத் தான் வந்தேன், போட்டோவும் எடுத்து வச்சுக்கிட்டேன். இந்த மாதிரி ஆச்சுன்னா ஃபுட் சேஃப்டி கனெக்ட்னு எஃப்எஸ்எஸ்ஏஐ ஆப் இருக்கு, போட்டோ போட்டுப் புகார் குடுக்கலாம். வாங்கிட்டீங்கன்னா பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

அதே மாதிரி 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி குறைஞ்சுச்சு இல்ல, பிஸ்கட்டு, கார்ன்ஃப்ளேக்ஸ், சாக்லேட்டெல்லாம் 18லருந்து 5க்கு வந்துச்சு, வெண்ணெய் நெய் சீஸ் 12லருந்து 5. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் பழைய பாக்கெட்லயே பழைய விலை, புது விலைன்னு ரெண்டும் இருந்துச்சு, அதைப் பார்த்து தள்ளுபடின்னு அள்ளிட்டுப் போனவங்க உண்டு. வரி குறைஞ்சு வந்த விலை அது, கடைக்காரர் நமக்கு ஒண்ணும் குறைக்கல. ரெண்டு விலை போட்டிருந்தாலே ஆஃபர்னு நினைச்சுடாதீங்க.

பில்லிங்ல நிக்கும்போது வாட்ஸப் பார்க்காதீங்க. கூடைல 60 ரூபான்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பார்கோடு ஸ்கேன் பண்ணா 120ன்னு விழும், ஏன்னா ஸ்டிக்கர் ஒட்டினவங்க வேற, சிஸ்டத்துல விலை மாத்துறவங்க வேற. இது அடிக்கடி நடக்கும். நான் ஷார்ட் டேட் ஐட்டத்தையெல்லாம் கடைசியா, தனியா ஒரு குவியலா வைப்பேன், "தம்பி இதெல்லாம் ஆஃபர், பார்த்துப் போடுப்பா"ன்னு முன்னாடியே சொல்லிடுவேன். பில் போட்டு முடிச்சுட்டு திருப்பி மாத்தணும்னா மேனேஜர் வரணும், பாஸ்வேர்டு போடணும், பின்னாடி நிக்கிறவங்க முறைப்பாங்க, நாமளும் முப்பது ரூபாக்காக எதுக்குன்னு விட்டுட்டு வந்துடுவோம்.

சரி, இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன், தயிர் பன்னீர் வைக்கிற கண்ணாடி ஃப்ரிட்ஜ், அதான் சில்லரும், ஃப்ரீசரும். அங்க வாங்குறதுக்கு முன்னாடி நான் டேட் பார்க்குறதில்ல, முதல்ல பச்சைப் பட்டாணி பாக்கெட்டைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பேன். ஃப்ரோஸன் பட்டாணி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம கலகலன்னு சத்தம் போட்டுச்சுன்னா அந்த ஃப்ரீசர் ஒழுங்கா ஓடிட்டு இருக்கு. பாக்கெட்டு ஒரே கட்டியா செங்கல் கணக்கா கையில இடிச்சா, நடுவுல ஒரு தடவை உருகி மறுபடி உறைஞ்சிருக்கு, அந்தக் கடை ஃப்ரீசர்ல அன்னைக்கு நான் எதையும் தொட மாட்டேன், ஐஸ்கிரீம் உள்பட. பராத்தா பாக்கெட்ல பராத்தாவெல்லாம் வளைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டியிருந்தாலும் அதே கதை தான். சில்லர்ல கண்ணாடிக்கு உள்பக்கம் தண்ணி கோத்து வழிஞ்சுட்டு இருந்தா, தயிர் கப்பைத் தொட்டா ஜில்லுன்னு இல்லாம சும்மா குளிர்ச்சியா இருந்தா, விட்டுடுங்க. கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி சில்லரை ஆஃப் பண்ணிட்டுப் போற கடை ஒண்ணு ரெண்டு உண்டுன்னு அந்த ஆரணித் தம்பி தான் சொன்னான், அவன் முன்னாடி வேலை பார்த்த இடத்துல அப்படித் தானாம். அந்த மாதிரி கடைல டேட்டு இன்னும் ஒரு வாரம் இருந்தாலும் அது நம்பர் மட்டும் தான். நல்லா ஓடுற சில்லர்ல நாளைக்கு முடியப்போற பாக்கெட்டு, அரைகுறை சில்லர்ல பத்து நாள் பாக்கி இருக்க பாக்கெட்டைவிட எவ்வளவோ மேல்.

எனக்கு இதுல ரொம்ப லாபம் தர்றது வெண்ணெய். உப்பு போடாத வெண்ணெய், குக்கிங் பட்டர்னு போட்டிருப்பாங்க, அரைக்கிலோ பாக்கெட்டு ஷார்ட் டேட்ல பாதி விலைக்கு வந்துச்சுன்னா கண்ணை மூடிட்டு எடுத்துடுவேன். உப்பு போட்ட டேபிள் பட்டரை எடுத்துடாதீங்க, நெய் உருக்கினா சரியா வராது. அன்னைக்கு ராத்திரியே அடி கனமான பாத்திரத்துல போட்டு சின்ன தீயில வச்சுடணும், முதல்ல நுரை பொங்கும், சடசடன்னு சத்தம் வரும், உள்ள இருக்க தண்ணி போற சத்தம் அது. அந்தச் சத்தம் அடங்கி, அடியில கசண்டு பொன்னிறமா இறங்கும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை ஈரம் இல்லாம துடைச்சுப் போட்டு அடுப்பை அணைச்சுடுவேன், கீரை படபடன்னு பொரிஞ்சு வர்ற வாசனைக்கு எங்க அத்தை டிவியை விட்டுட்டு கிச்சனுக்கு வந்துடுவாங்க. அந்தக் கீரையும் கசண்டும் சூடான சோத்துல போட்டுப் பிசைஞ்சா அதுக்குத் தனியா ஒரு சண்டை நடக்கும். அரைக்கிலோ வெண்ணெய்ல கிட்டத்தட்ட நானூறு கிராம் நெய் தேறும், தண்ணியும் பாலோட கசடும் போயிட்டதால அது மாசக்கணக்கா வெளியவே இருக்கும். கடைல நல்ல நெய் லிட்டர் அறுநூறுக்கு மேல போயிட்டு இருக்க காலத்துல இது பெரிய மிச்சம்ங்க. நாளைக்கு முடியப்போற சாமானை நாலு மாசம் இருக்குற சாமானா மாத்துறோம் பாருங்க, இந்த மாதிரி மாத்த முடியுறது தான் கூடைல எடுக்க வேண்டியது.

பன்னீர் வந்துச்சுன்னா, வேக்கம் பேக்ல கவர் பன்னீரோட ஒட்டிட்டு இருக்கான்னு பார்க்கணும், உப்பியிருந்தா தொடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் துண்டு போட்டு ஃப்ரீசர்ல தட்டுல பரப்பி உறைய வச்சு அப்புறம் டப்பால கொட்டிடுவேன், வேணும்ங்கறப்போ சுடுதண்ணில அஞ்சு நிமிஷம் போட்டா போதும், கொஞ்சம் பொடிபொடியா ஆகும், புர்ஜிக்கும் கிரேவிக்கும் அது ஒண்ணும் தெரியாது. பிரெட்டும் ஃப்ரீசர் தான், வெளிய வச்சா நம்ம ஊர் புழுக்கத்துல பச்சையா பூத்துடும். ஒரு ஸ்லைஸ்ல பூஞ்சை இருந்தா மொத்த பாக்கெட்டையும் தூக்கிப் போடணும், அந்த ஒரு ஸ்லைஸை மட்டும் எடுத்துட்டு மீதியைச் சாப்பிடுறதெல்லாம் வேணாம், கண்ணுக்குத் தெரியாம மத்ததுலயும் ஓடியிருக்கும். காளான் பாக்கெட்டு கூடைல இருந்து வந்தா அன்னைக்கு ராத்திரியே மிளகு போட்டு வதக்கிடுவேன், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு வச்சா வழவழன்னு ஆயிடும்.

இட்லி மாவு பாக்கெட்டு ஒரு தனி ஜாதி. உப்பியிருந்தா பயப்பட வேண்டியதில்ல, புளிக்கிறப்போ வர்ற காத்து தான் அது, பன்னீருக்குச் சொன்னது இதுக்குப் பொருந்தாது. டேட் நெருங்கின மாவுல இட்லி எதிர்பார்க்காதீங்க, புளிச்சுப் போயிருக்கும், கொஞ்சம் ரவையும் பொடியா நறுக்கின வெங்காயம் பச்சைமிளகாயும் போட்டு ஊத்தப்பம், இல்ல கடுகு கடலைப்பருப்பு தாளிச்சுக் கொட்டி குழிப்பணியாரம். புளிச்ச மாவுல தான் பணியாரம் நல்லா வரும்னு அத்தையே சொல்லுவாங்க, ஆனா அதே அத்தை ஸ்டிக்கரைப் பார்த்துட்டா "பழசை ஏன் வாங்கிட்டு வந்த"ன்னு கேப்பாங்க. அதனால நான் ஸ்டிக்கரை வாசல்லயே உரிச்சுடறது உண்டு. பாக்கெட் தயிரும் இதே தான், புளிச்சா மோர்க்குழம்பு. மாவுல பிங்க் கலரோ கருப்போ ஒரு புள்ளி தெரிஞ்சாலோ, புளிப்பு வாசனை போய் வேற நாத்தம் வந்தாலோ அவ்வளவு தான், சிங்க்ல ஊத்திடுங்க.

மளிகைல ரவை, சேமியா, பாஸ்தா, ஓட்ஸ், கடலைமாவு இதெல்லாம் ஷார்ட் டேட்ல தாராளமா எடுக்கலாம், பாக்கெட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு மூலைல நூல் மாதிரி எதுவும் ஓடலைன்னா சரி, பூச்சி வந்தா மாவு நூல் கட்டும். ரவையை வந்த அன்னைக்கே வறுத்து டப்பால போட்டுடுங்க. பழைய கொண்டைக்கடலை கெடாது, வேக தான் லேட்டாகும், கூட கொஞ்ச நேரம் ஊற வச்சு ரெண்டு விசில் சேர்த்து விட்டா போதும். சாக்லேட்டு மேல வெள்ளையா படிஞ்சிருந்தா அது பூஞ்சை இல்ல, வெயில்ல உருகி மறுபடி இறுகினப்போ கொழுப்பு மேல வந்து நிக்கிறது, பசங்க பால்ல கரைச்சுக் குடிச்சுடுவாங்க. மசாலாப் பொடி வேணாம், கெட்டுப்போகாது தான், ஆனா வாசனை போனதுக்கப்புறம் ரெண்டு மடங்கு போட வேண்டியிருக்கும், அதுல என்ன மிச்சம். காபித்தூள் சத்தியமா வேணாம், பாதி விலைக்கு வாங்கின தூள்ல டிகாஷன் இறக்கினா எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரைத் தள்ளி வச்சுட்டுப் பேப்பரை எடுத்துக்கிட்டார், ஒண்ணும் சொல்லல, அதுவே போதும்.

எவ்வளவு குறைச்சாலும் தொடாத சாமானும் இருக்கு. வேர்க்கடலையும் வேர்க்கடலைல செஞ்சதும். கடலைல பூஞ்சை வந்தா அஃப்லாடாக்சின்னு ஒரு விஷம் உண்டாகும், வறுத்தாலும் பொரிச்சாலும் அது போகாது, ஈரக்காத்து அடிக்கிற ஊர்ல நாள்பட்ட கடலை எதுக்கு, சிக்கு வாடை வேற அடிக்கும். கைக்குழந்தைக்கான பவுடர், செர்லாக் வகையறா எதுவும் கூடைல இருந்து வேணாம். அப்புறம் சமைக்காம அப்படியே சாப்பிடுற குளிர் ஐட்டம், சலாமி, மெத்துன்னு இருக்க சீஸ் வகை, வெட்டி வச்ச பழம். லிஸ்டீரியான்னு ஒரு கிருமி, ஃப்ரிட்ஜ் குளிர்லயும் அது வளரும், வாசனைலயோ கலர்லயோ எதுவும் தெரியாது, கர்ப்பமா இருக்கவங்களுக்கும் வயசானவங்களுக்கும் ரொம்ப ஆபத்து. மோந்து பார்த்தேன் நல்லா தான் இருக்குன்னு சொல்றது இந்த இடத்துல செல்லாது. அத்தைக்குச் சுகர் இருக்கு, அதனால எங்க வீட்ல கூடைச் சாமான்னா அது அடுப்பு ஏறி கொதிச்சுட்டுத் தான் தட்டுக்கு வரணும்னு ஒரு கறார் வச்சிருக்கேன். டப்பால அடைச்ச சாமான் உப்பியிருந்தாலோ மூடி ஓரம் கசிஞ்சிருந்தாலோ அதைத் திறந்துகூடப் பார்க்காதீங்க.

கோழி மீன் பத்திக் கேப்பீங்க. சூப்பர் மார்க்கெட்ல பேக் பண்ண சிக்கன் நாளைக்கு டேட் முடியுதுன்னு குறைச்சு வச்சிருந்தா வாங்குவேன், ஆனா போறப்போவே பழைய ஐஸ்கிரீம் டப்பால ஐஸ் கட்டி போட்டுப் பையில எடுத்துட்டுப் போயிடுவேன். வேளச்சேரியிலருந்து மடிப்பாக்கம் என்ன பெரிய தூரமான்னு நினைப்பீங்க, கைவேலி சிக்னல்ல ஸ்கூட்டி நின்னுட்டு இருக்கப்போ அடிக்கிற சூட்டுக்கு அது தூரம் தான். வந்ததும் அன்னைக்கே குழம்பு. மீன் இந்த முறைல வேணாம், காசிமேடோ பக்கத்து மீன்காரம்மாவோ, புதுசா இருந்தா வாங்குங்க, இல்லன்னா விட்டுடுங்க.

இப்போ நம்ம வீட்டுப் பக்கம் கண்டிஷன். கரண்ட் பராமரிப்புன்னு காலைல ஒன்பது மணிக்கு நிறுத்துனா ரெண்டு மணிக்குத் தான் வரும், எந்த ஏரியான்னு முந்தின நாளே பேப்பர்ல போட்டுடுவாங்க. அதைப் பார்த்துட்டுத் தான் நான் பன்னீரோ சிக்கனோ வாங்குறது. கதவைத் திறக்காம இருந்தா ஃப்ரிட்ஜ் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் தாங்கும், ஃப்ரீசர் முழுசா நிரம்பியிருந்தா ரெண்டு நாள், பாதி நிரம்பியிருந்தா ஒரு நாள். பசங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன், கரண்ட் இல்லாதப்போ தண்ணி வேணும்னா பானைல குடிங்கடா, கதவைத் தொட்டீங்கன்னா கை இருக்காதுன்னு.

ரெண்டு நாள் கரண்ட் கட்டெல்லாம் எதுக்கு வரப்போகுதுன்னு யாராவது கேட்டா 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை ஞாபகப்படுத்துவேன். எங்க தெருவுல தண்ணி, கரண்ட் போய் நாள் கணக்காச்சு, ஃப்ரீசர் நிறைய நான் சேர்த்து வச்சிருந்த பன்னீர், பிரெட்டு, பட்டாணி, சீஸ் எல்லாம் தண்ணியா ஓடி கீழ வழிஞ்சுச்சு. முதல் நாள் ராத்திரியே கீழ்வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டு கேஸ் அடுப்புல முடிஞ்ச வரைக்கும் சமைச்சு எல்லாரும் சாப்பிட்டோம், மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பன்னீர் புர்ஜி. மீதியெல்லாம் குப்பை. அதுலருந்து அக்டோபர் நடுவுல ஆரம்பிச்சு டிசம்பர் முடியற வரைக்கும், அதாவது வடகிழக்குப் பருவமழை நம்ம ஊரைப் போட்டுத் தாளிக்கிற அந்த மாசங்கள்ல, ஃப்ரீசர்ல ஒரு வாரத்துச் சாமானுக்கு மேல வைக்கிறதில்ல. கூடைல என்ன வந்தாலும் சரி. அந்தச் சமயம் நெய்யா மாத்த முடியுற வெண்ணெய், ரவை, பாஸ்தா இதோட நிறுத்திக்குவேன்.

பண்டிகை முடிஞ்ச மறுநாள் போறது ஒரு நல்ல பழக்கம். தீபாவளி முடிஞ்சதும் முந்திரி பாதாம் கிஃப்ட் பாக்ஸு, டேட் நிறைய இருந்தும் விலை இறங்கும், ஏன்னா அந்த டப்பால தீபாவளி விளக்குப் படம் போட்டிருக்கே, ஜனவரில யார் வாங்குவாங்க. கிறிஸ்மஸ் முடிஞ்சா பிளம் கேக், ரம்ஜான் முடிஞ்சா பேரீச்சம்பழமும் சேமியாவும். ஷார்ட் டேட்டைவிட இது பெட்டர், சாமான் பழசே இல்ல. முந்திரியை ஃப்ரீசர்ல போட்டா அடுத்த ஆடி வரைக்கும் பாயசத்துக்குக் கவலையில்ல, மழைக்காலம்னு இப்போ தானே சொன்னேன்னு கேக்காதீங்க, முந்திரி ரெண்டு நாள் கரண்ட் போனாலும் ஒண்ணும் ஆகாது.

வாங்குறதுக்கு நான் வச்சிருக்க வழக்கம் ஒண்ணு தான். மெனு போட்டுட்டுக் கடைக்குப் போக மாட்டேன், கூடையைப் பார்த்துட்டு அங்கயே நின்னு இன்னைக்கு ராத்திரிக்கு என்ன, நாளைக்குக் காலைல என்னன்னு முடிவு பண்ணுவேன். ரெண்டு வேளைக்குள்ள தட்டுக்கு வரப்போற வழி தெரியலன்னா, இல்ல வேற சாமானா மாத்த முடியலன்னா, திருப்பிக் கூடைலயே வச்சுடுவேன். அவகாடோ பேஸ்டு 80 பர்சென்ட் தள்ளுபடின்னு என் பொண்ணு ஒரு நாள் கையைப் பிடிச்சு இழுத்தா. "வாங்கி என்னடி பண்ணுவ"ன்னேன். "தெரியல, ஆனா 80 பர்சென்ட்மா"ன்னா. 400 ரூபா டப்பா 80 ரூபாய்க்கு வந்தா 320 மிச்சம்னு அவ கணக்கு, சாப்பிட ஆள் இல்லன்னா 80 ரூபா தெண்டம்னு என் கணக்கு. வைக்கச் சொல்லிட்டேன், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா, வர்ற வழில ஒரு சோளம் வாங்கிக் குடுத்தேன், முழு விலைக்கு.

ரூம்ல தனியா இருக்கவங்களுக்கு ஒரு யோசனை. பக்கத்து ரூம்ல, இல்ல ஆபீஸ்ல ரெண்டு பேரைச் சேர்த்துக்குங்க. எங்க அபார்ட்மெண்ட்ல மூணு வீடு சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வச்சிருக்கோம், கடைல இருக்கவங்க கூடையை போட்டோ எடுத்துப் போடுவாங்க, யாருக்கு என்ன வேணும்னு அங்கயே சொல்லி ஜிபேல காசு அனுப்பிடுவாங்க. ஒரு லிட்டர் டெட்ரா பேக் பாலோ ஃப்ரெஷ் கிரீமோ திறக்குற வரைக்கும் தான் டேட்டு, திறந்துட்டா அந்தத் தேதிக்கு மதிப்பில்ல, ஃப்ரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு நாளுக்குள்ள முடிக்கணும், அதை ரெண்டு வீடா பிரிச்சா அன்னைக்கே காலி. போன வாரம் கூடப் பக்கத்து வீட்டு அக்கா ஆறு பாக்கெட்டு வெண்ணெய் இருக்குன்னு போட்டோ போட்டாங்க, மூணு எனக்கு எடுங்கன்னு சொல்லிட்டு முருங்கைக்கீரைக்கு மாடி வீட்டம்மாகிட்ட போய் நின்னேன்.